லேடர் பழக ஸ்டார்ட்டரில் இருந்து தொடங்குங்கள்

காரைக்குடி பக்கம் ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கிற தம்பி தங்கைகளே, பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டுகிற தொழிற்சாலைக் கணினி) என்றதும் டைமர், கவுன்ட்டர் என்று பாயாதீர்கள். ரைஸ் மில்லிலும் தோட்டத்து போர்வெல்லிலும் இருக்கிற பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரை முதலில் லேடரில் (ஏணி மாதிரி வரைகிற பிஎல்சி புரோகிராமில்) வரைந்து பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. ஸ்டாப், ஸ்டார்ட் இரண்டும் தொடராக, கடைசியில் மோட்டார் காயில் (மோட்டாரை ஓட்டுகிற அவுட்புட்), ஸ்டார்ட்டுக்கு இணையாக அதே மோட்டாரின் ஒரு காண்டாக்ட் (காயில் ஆன் ஆனதும் மூடுகிற சுவிட்ச்). விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது இந்தக் காண்டாக்டால்தான்.

பலரும் குழம்புகிற இடம் ஸ்டாப் பட்டன். வயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக அதை வயரிங்கில் என்சி-யாக (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும்) போடுவார்கள். அப்படியென்றால் அழுத்தாத நேரத்தில் அந்த இன்புட் 1 ஆகவே இருக்கும், ஆகவே லேடரில் அதை என்ஓ காண்டாக்டாக (இன்புட் 1 ஆக இருந்தால் வழிவிடுவது) வரைய வேண்டும். அங்கேயும் என்சி (இன்புட் 0 ஆக இருந்தால் வழிவிடுவது) போட்டால் ஸ்டாப்பை அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் ஓடும்! (எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் புரோகிராமை நம்பி விடாதீர்கள், அது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கிற கான்டாக்டருக்குப் போகும் சப்ளையையே நேராக வெட்ட வேண்டும்.)

அப்புறம், ஒரே காயிலை இரண்டு ரங்கில் (ரங் என்பது லேடரின் ஒரு வரி) எழுதாதீர்கள். பிஎல்சி இன்புட்டுகளைப் படித்து, ரங்குகளை மேலிருந்து கீழாக ஓட்டி, அதற்குப் பிறகுதான் அவுட்புட்டை மாற்றும் என்பதால் கீழே இருக்கிற ரங் சொன்னதே நடக்கும்.

பழக பிஎல்சி வாங்க வேண்டியதில்லை, கோடெசிஸ் (CODESYS) என்கிற பிஎல்சி புரோகிராமிங் மென்பொருள் இலவசம்தான், சிமுலேஷனும் அதிலேயே உண்டு.