கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் எங்கே போவது? சிங்கப்பூரிலிருந்து கப்பலேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் கப்பலேறி, மலேசியாவின் போர்ட் கிள்ளான், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் மூன்று நான்கு நாள் பயணம், தமிழ்க் குடும்பங்கள் பல தங்கள் முதல் கப்பல் பயணமாகத் தேர்ந்தெடுக்கும் ஒன்று. அறை எது, சாப்பாடு எப்படி என்பதை ஆராய்வதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, கரையில் இறங்கியபின் எங்கே போவது என்பதில் பலர் காட்டுவதில்லை. கப்பலில் ஏறிய இரவு, சுற்றுலா மேசை முன் வரிசையில் நின்றபடி, படம் அழகாக இருக்கும் ஒன்றுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நேரத்தைக் கணக்கிட வேண்டும். அதுவும் முன்னிருந்து அல்ல, பின்னிருந்து. கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணை சொன்னால், நம் கையில் பத்து மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே பயணிகள் அனைவரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். காலையில் துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர 9 மணி ஆகிவிடலாம். மிஞ்சுவது எட்டு மணி நேரம். சாலைப் பயணத்தை அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு மிகவும் முக்கியமாவது போர்ட் கிள்ளானில். பயண விளம்பரங்களில் ‘கோலாலம்பூர்’ என்று போட்டிருந்தாலும், கப்பல் வந்து நிற்பது நகரத்தில் அல்ல. பயணிகள் கப்பல் முனையம் இண்டா தீவில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குள் செல்ல ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பிற்பகலில் இடியுடன் மழை பிடித்துக்கொண்டால் திரும்பும் வழியில் நெரிசல் இன்னும் மோசமாகும். ஆகவே மூன்று மணிக்குள் நகரத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் கிடைப்பது நான்கரை மணி நேரம் மட்டுமே. அந்த நான்கரை மணி நேரத்தில் ஐந்து இடங்களைக் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலாவைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இதை அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். எழுபது வயதைக் கடந்த என் தாயாரை முதன்முறை கப்பலில் அழைத்துச் சென்றபோது, நான் பதிவு செய்தது அப்படிப்பட்ட ஐந்து இடச் சுற்றுலா. இரட்டைக் கோபுரத்தின் முன் பதினைந்து நிமிடம், ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் என்று பொழுது கழிந்து, அவர் ஊரிலிருந்தே மனத்தில் வைத்துக்கொண்டு வந்த பத்துமலை முருகன் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வழிகாட்டி கொடுத்தது இருபத்தைந்து நிமிடம். பொன்னிற முருகனை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேருந்துக்குத் திரும்பினார். அடுத்த முறை பத்துமலைக்கு மட்டும் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டோம். 272 படிகளை அவரால் ஏற முடியாது. ஆனால் அடிவாரத்துக் கோயில்களில் நிதானமாக வழிபட்டு, 42.7 மீட்டர் உயரச் சிலையின் நிழல் நகரும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த நாளைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்.

சுற்றுலா விவரக் குறிப்பைப் படிக்கும்போது சில சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பனோரமிக் டூர்’ என்றால் பெரும்பாலும் பேருந்துக்குள் இருந்தபடியே பார்ப்பது. ‘ஃபோட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு உடனே ஏறுவது. உள்ளே போகும் நுழைவுச்சீட்டு அதில் சேராது. ‘டிரான்ஸ்ஃபர்’ என்று மட்டும் இருந்தால் வழிகாட்டி கிடையாது, கொண்டுபோய் விட்டு அழைத்து வருவார்கள். இடத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்பார்கள், கடைகளுக்கு அழைத்துச் செல்வார்களா, எவ்வளவு படி ஏற வேண்டும், மதிய உணவில் சைவம் உண்டா என்று மேசையில் கேட்டால் சொல்வார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா என்ற கேள்விக்கு என் விடை துறைமுகத்தைப் பொறுத்தது. நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் இருக்கக்கூடும் என்பது மட்டுமல்ல, நம் கடவுச்சீட்டு கப்பல் ஊழியர்களிடம் இருக்கவும் கூடும். எனவே ஊர் தொலைவில் இருந்தால், முதல் முறை செல்பவர்கள் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுப்பது நல்லது. ஆனால் அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேன் அமர்த்துவது கணிசமாக மலிவாக முடியும். வேன் அமர்த்துவோர், சாலைச் சுங்கமும் வாகன நிறுத்தமும் கட்டணத்தில் சேர்ந்தவையா, வண்டி முனையத்துக்குள் வருமா அல்லது வாசலுக்கு வெளியே நிற்குமா, கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போனால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் இந்தக் கவலைகள் பெரும்பாலும் இல்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் கண்ணில் படும். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில், அதற்கு அருகே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணை தேவி ஆலயம் என்று, 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதியின் சாரத்தைப் பணம் கட்டாமலே பார்த்துவிடலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் அவற்றை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. பினாங்கு மலைக்குப் போக விரும்பினால் மலை ரயில் சில நிமிடங்களில் ஏறிவிடும், வரிசைதான் நேரத்தை விழுங்கும்; வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அதைத் தவிர்ப்பது நலம்.

புக்கெட்டில் நிலைமை வேறு. பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. கப்பலின் மேடையும் படகும் வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்கும். ஊழியர் முன்கையைப் பிடித்துச் சொல்லும் கணத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும், அதனால் இரண்டு கைகளும் காலியாக இருப்பது அவசியம். மூட்டு வலி உள்ள பெரியவர்கள் கப்பலிலேயே தங்கிவிடுவதில் தவறில்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். படகுச் சேவையே ரத்தாகலாம் என்பதால், அம்மாதங்களில் வெளியில் முன்பணம் கட்ட வேண்டாம். நிறுவனச் சுற்றுலா எடுத்தவர்களைப் பெரும்பாலும் முதல் படகுகளில் அனுப்புவதும் இங்கே ஒரு சலுகை. கரையிலிருந்து பீபீ தீவுக்கு விரைவுப் படகில் போய்வருவது குறுகிய நிறுத்தத்துக்கு ஒத்துவராது. பழைய புக்கெட் நகரம் போதும்.

புக்கெட்டில் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஆனால் சில கப்பல்கள் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். கைப்பேசி நான்கு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து மணி. எந்த நேரத்தைக் கப்பல் பின்பற்றுகிறது என்பதை இறங்கும் வாயிலில் கேட்டு, மாற்றாத கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள், கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழைகிறது என்பதால், தங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் கேட்கும் இணையவழி வருகைப் படிவங்களையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். கரைக்கு இறங்கும்போது கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல், அன்றாடம் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளின் படம் ஆகியவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். கப்பலின் துறைமுக முகவருடைய தொலைபேசி எண் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் அச்சிடப்பட்டிருக்கும்.