மல்லிகை எண்ணெயை அளவறிந்து பூசும் முறை

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மலரின் வாசனை சூட்டைத் தாங்காது என்பதால், தைல ஆலைகள் அதை நீராவியில் வடிக்காமல், ஹெக்சேன் போன்ற கரைப்பானைக் கொண்டே பிரித்தெடுக்கின்றன. ஒரு கிலோ தைலத்துக்குப் பல நூறு கிலோ பூ தேவைப்படுவதால் அசல் தைலம் மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. குறைந்த விலைக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் செயற்கை வாசனை கலந்தவை. அவற்றைத் தோலில் பூச வேண்டாம்.

அசல் தைலத்தையும் ஒருபோதும் நேரடியாகப் பூசக் கூடாது. முகத்துக்கு 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி பாதாம் எண்ணெயில் ஒரு துளி போதும். கலந்ததில் சிறிதளவை முழங்கை மடிப்பின் உட்புறம் தடவி இரண்டு நாள் கவனித்து, அரிப்போ சிவப்போ தோன்றாவிட்டால் மட்டுமே முகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் இந்தக் கலவையில் மூன்று நான்கு சொட்டுகளை, கண்ணைச் சுற்றியுள்ள பகுதியை விட்டுவிட்டு ஒற்றிப் பூசுங்கள். பரு மிகுந்த முகத்துக்கு எண்ணெயே ஏற்றதன்று.

கூந்தலுக்கு 100 மில்லி செக்குத் தேங்காயெண்ணெயில் பத்துத் துளி கலக்கலாம். எண்ணெய் உறைந்திருந்தால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கி, சூடு தணிந்த பிறகே தைலத்தைச் சேர்க்க வேண்டும். அடுப்பில் வைத்தால் வாசனை பறந்துவிடும். தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூசி, சீயக்காய் தேய்த்து அலசுங்கள். மயிரிழைகளைக் காப்பது தேங்காயெண்ணெய்தான். மல்லிகை தருவது மணம். முடி வளரும் என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். பொடுகு உள்ளவர்கள் தலையில் எண்ணெய் ஊற விடுவதைத் தவிர்ப்பது நல்லது.

கைக்குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். எரிச்சல் ஏற்பட்டால் தண்ணீரை ஊற்றுவதற்கு முன், வெறும் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பால் கழுவுங்கள். தைலம் நீரில் கரையாது.

அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாத இடத்தில் மூடி வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான தைலம் ஒவ்வாமையை எளிதில் தூண்டும் என்பதால், மணம் மாறியதை என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தோலில் பூசாதீர்கள்.