புது வேலை, தினசரி போக்குவரத்து: கேட்டுக்கு வந்து சேர்றது வேற, வேலைக்கு வந்து சேர்றது வேற

மொத வேலைல சேந்த அன்னிக்கே நான் லேட். இத்தனைக்கும் முந்தின நாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் ஆபீஸ் எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்தவன். அன்னிக்கு 35 நிமிஷம் ஆச்சு, சரி ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினா தாராளம்னு கணக்கு போட்டு திங்கக்கிழமை கிளம்பிட்டேன். 8:50க்கு கேட்டுல நின்னேன், அது வரைக்கும் பெருமையா தான் இருந்துச்சு. ஆனா கேட்டுல ரிஜிஸ்டர்ல பேர் எழுதணும், எனக்கு முன்னாடி 11 பேர், ஒரே பேனா, அத நூல்ல கட்டி வச்சிருக்காங்க, நூல் பத்தாம ஒவ்வொருத்தரும் கழுத்த சாச்சுக்கிட்டு எழுதுறாங்க. அப்பறம் ஃபோட்டோ எடுத்து விசிட்டர் பாஸ். அப்பறம் லிஃப்ட், ரெண்டுல ஒண்ணு ரிப்பேர். ஒரு வழியா உள்ள போய் உக்காந்தப்போ மணி 9:25. மேனேஜர் ஒண்ணும் சொல்லல, வாட்ச்ச மட்டும் ஒரு தடவ பாத்தாரு. ஏதாவது சொல்லியிருந்தா கூட மறந்திருப்பேன் போல.

ஞாயித்துக்கிழமை ட்ரையல் பாக்கறது தான் நம்மாளுங்க பண்றதுலயே பெரிய தப்பு. லீவு நாள் ரோடு வேற ரோடு, அத பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. ட்ரையல் பாக்கணும்னா வேலை நாள்ல, நீங்க நெஜமா கிளம்பப்போற அதே நேரத்துக்கு கிளம்பி பாருங்க. முடிஞ்சா திரும்பி வர்றதையும் சாயங்கால கூட்டத்துல ஒரு தடவ பாத்துருங்க, ஏன்னா காலைல 50 நிமிஷம் ஆகுற வழி சாயங்காலம் 1 மணி 20 நிமிஷம் ஆகுறதெல்லாம் ரொம்ப சாதாரணம், அது தெரியாம தான் நெறைய பேர் சாயங்கால கிளாஸ்ல காச கட்டிட்டு அப்பறம் முழிக்கறாங்க.

அடுத்தது மேப். மேப் காட்டுற 42 நிமிஷங்கறது நடுத்துண்டு மட்டும் தான். வீட்ட பூட்டுறது, ஸ்டாப்புக்கு நடக்கறது, வண்டிய எடுத்துட்டு போனா பார்க்கிங்ல எடம் தேடுறது, லிஃப்ட், ஐடி கார்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆகி லாகின் ஆகுறது, இதெல்லாம் மேப்புக்கு தெரியாது. வீட்டுக்கதவு பூட்டுற நிமிஷத்துலேருந்து வேலைய தொடங்குற நிமிஷம் வரைக்கும் தான் உங்க பயணம். இன்னொண்ணு, ராத்திரி 11 மணிக்கு படுத்துக்கிட்டே மேப்ப தொறந்து பாத்தா அது ராத்திரி 11 மணி ரோட்ட காட்டும். கூகுள் மேப்ஸ்ல எத்தன மணிக்கு போய் சேரணும்னு குடுத்து பாக்கற வசதி இருக்கு, காரு வண்டில போறவங்களுக்கு இத்தன நிமிஷத்துலேருந்து இத்தன நிமிஷம் வரைக்கும் ஆகலாம்னு ரெண்டு நம்பரா காட்டும். அதுல எல்லாரும் சின்ன நம்பர நம்புவாங்க. பெருச நம்புங்க.

சின்ன நம்பர நம்புறதுக்கு பேரே இருக்கு, இங்கிலீஷ்ல 'பிளானிங் ஃபேலசி'ம்பாங்க, அதாவது திட்டம் போடறப்போ வர்ற தப்புக்கணக்கு. டேனியல் கானமன், அமோஸ் ட்வர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1979லயே இத பத்தி எழுதியிருக்காங்க. ஒரு வேலை முடிய எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிக்கறப்போ, போன தடவ எவ்ளோ ஆச்சு, அதுக்கு முந்தின தடவ எவ்ளோ ஆச்சுன்னு மனசு பாக்காது, எல்லாம் ஒழுங்கா நடந்தா எவ்ளோ ஆகும்னு தான் பாக்கும். அதாவது எல்லா சிக்னலும் பச்சையா இருக்கற ஒரு நாள படம் போட்டு காட்டும். அப்படி ஒரு நாள் எனக்கு எப்ப வந்துச்சுன்னு யோசிச்சு பாக்கறேன், ஞாபகம் வரல.

இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள். மொத பத்து நாள் கிளம்பின நேரம், போய் சேந்த நேரம் ரெண்டையும் ஃபோன்ல குறிச்சு வைங்க. அந்த பத்துல படு மோசமான நாள விட்டுருங்க, அது மழை நாளாவோ ஏதாவது ஆக்ஸிடென்ட் நாளாவோ இருக்கும். ரெண்டாவது மோசமான நாள் இருக்குல்ல, அது தான் உங்க உண்மையான பயண நேரம், அத வச்சு கிளம்புங்க. சராசரி போடாதீங்க. சராசரிய வச்சு கிளம்பினா கிட்டத்தட்ட பாதி நாள் லேட்டா போவேன்னு நீங்களே எழுதி குடுத்த மாதிரி.

பஸ்ல போறவங்க இன்னொரு கணக்குலயும் ஏமாறுவாங்க. 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ், அப்ப சராசரியா 5 நிமிஷம் நின்னா போதும்னு நெனப்போம். பஸ் டாண்ணு 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா அது சரி. ஆனா நெஜத்துல ரெண்டு நிமிஷத்துல ஒண்ணு வரும், அடுத்தது 18 நிமிஷம் கழிச்சு வரும், இதுக்கும் சராசரி 10 தான். நீங்க ஸ்டாப்புக்கு போய் நிக்கற நேரம் அந்த 20 நிமிஷத்துல எங்கயோ ஒரு எடத்துல விழும், பத்துக்கு ஒம்பது வாய்ப்பு அந்த 18 நிமிஷ எடைவெளிக்குள்ள தான் விழும், ஏன்னா அது தான் பெருசு. கூட்டி கழிச்சு பாத்தா சராசரி காத்திருப்பு 8.2 நிமிஷம். நான் நின்னா மட்டும் பஸ்ஸே வர மாட்டேங்குதுன்னு பொலம்புறவங்க பொய் சொல்லல, கணக்கே அவங்க பக்கம் தான்.

ரெண்டு பஸ் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு வர்றதுக்கும் காரணம் இருக்கு, டிரைவருங்க பேசி வச்சுக்கிட்டு வர்றதில்ல. முன்னாடி போற பஸ் கொஞ்சம் லேட்டானா ஸ்டாப்புல கூட்டம் சேந்துரும், அத்தன பேரையும் ஏத்தறதுல அது இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே இல்லாததால அது வேகமா வந்து முன்னத ஒட்டிக்கும். அதனால ரொம்ப நேரம் காக்க வச்சுட்டு ஒரு பஸ் பிதுங்கி வழிஞ்சுக்கிட்டு வந்துச்சுன்னா, அடுத்தது பக்கத்துலயே காலியா வர வாய்ப்பு இருக்கு. ஆப்ல பாருங்க, வருதுன்னா விட்டுட்டு அதுல உக்காந்து போங்க. இது தெரியறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வருஷம் படில தொங்கியிருக்கேன், யாரும் அப்படி பண்ணாதீங்க, அது வேலைக்கு போற வழி இல்ல ஆஸ்பத்திரிக்கு போற வழி.

வண்டி மாறி மாறி போறவங்க கவனிங்க. பஸ், அப்பறம் ட்ரெயின், அப்பறம் ஷேர் வண்டின்னு மூணு எடத்துல டைமிங் ஒத்து வரணும்னு வைங்க. ஒவ்வொண்ணும் பத்துக்கு ஒம்பது நாள் சரியா வருது, நல்ல சர்வீஸ் தான். ஆனா மூணும் சேந்து சரியா வர்றது 100க்கு 73 நாள் தான். மாசம் 22 வேலை நாள்னா அதுல 6 நாள் எங்கயாவது ஒரு எடத்துல ஒதைக்கும். அதனால 10 நிமிஷம் கூட ஆனாலும் நேரா போற ஒரே வண்டி இருந்தா அத எடுங்க. புதுசா சேர்றவங்க வேகமான வழிய தேடுவாங்க, ஆனா வேலைல நல்ல பேர் வாங்கி குடுக்கறது மாறாத வழி.

சொந்த வண்டில போறவங்களுக்கு ரெண்டே விஷயம். லேன் மாத்தி மாத்தி ஓட்டி நேரத்த புடிக்கலாம்னு பாக்காதீங்க. 2008ல வெளியான ஒரு ஜப்பான் ஆராய்ச்சில 22 காருங்கள 230 மீட்டர் சுத்தளவு உள்ள வட்டத்துல ஒரே வேகத்துல போகச்சொல்லி விட்டு பாத்தாங்க, சிக்னல் இல்ல, குறுக்க யாரும் வரல, ஒரு பள்ளம் மேடு இல்ல, அப்பவும் கொஞ்ச நேரத்துல ஜாம் ஆயிருச்சு. ஒருத்தர் லேசா பிரேக் புடிச்சா பின்னாடி உள்ளவர் கொஞ்சம் கூட புடிப்பாரு, அது அலை மாதிரி பின்னாடியே போய் கடைசில ஒருத்தர் நின்னே போயிருவாரு. நீங்க திடீர்னு லேன் மாத்துறப்போ பின்னாடி உள்ளவர் பிரேக்க அமுக்குறாருல்ல, ஜாம் அங்க தான் பொறக்குது. ரெண்டாவது, தூக்கம். புது வேலை டென்ஷன்ல ராத்திரி தூங்காம காலைல ஓட்டிட்டு போறது சகஜமா நடக்குது. 60 கிலோமீட்டர் வேகத்துல 3 செகண்டு கண்ணு சொக்கினா வண்டி 50 மீட்டர் போயிருக்கும், ஓட்டுறதுக்கு ஆளில்லாம. மொத ஒரு வாரமாவது பஸ்லயோ ட்ரெயின்லயோ போங்க.

சம்பளத்துல ஏமாறுறதையும் சொல்லிடறேன், இது சேர்றதுக்கு முன்னாடியே யோசிக்க வேண்டியது. ஒரு வழிக்கு 1 மணி 15 நிமிஷம்னா ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம், 22 நாளைக்கு 55 மணி நேரம். 8 மணி நேரத்த ஒரு வேலை நாளுன்னு வச்சா மாசத்துல கிட்டத்தட்ட 7 நாள் வேலைய ரோட்டுல பாக்கறீங்க, சம்பளம் இல்லாம. ரெண்டு ஆஃபர் கைல இருந்தா சம்பளத்த 8 மணி நேரத்தால வகுக்காதீங்க, வீட்ட விட்டு வெளில இருக்கற மொத்த நேரத்தால வகுத்து பாருங்க, சில சமயம் கம்மி சம்பள வேலை தான் ஜெயிக்கும். ப்ரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்சர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி குடும்பங்களோட கணக்க வச்சு 2008ல இத பத்தி எழுதினாங்க. தூரமா போற கஷ்டத்துக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ ஈடு கட்டும்னு தான் தியரி சொல்லுது, ஆனா தூரமா போறவங்க வாழ்க்கைல திருப்தி கம்மியா தான் இருக்குன்னாங்க. நமக்கு அது அப்பவே தெரியும், ஆனாலும் ஆஃபர் லெட்டர பாத்ததும் மறந்துரும்.

அதுக்காக சேந்த மொத மாசமே ஆபீஸ் பக்கத்துல வீடு பாத்து போயிராதீங்க. புரொபேஷன் முடியட்டும், அந்த வேலை உங்களுக்கு புடிக்குதான்னும் தெரியட்டும். பாஸ் வாங்குறதும் அப்படித்தான், ரெண்டு வாரம் டிக்கெட் எடுத்து போங்க, எந்த வழின்னு முடிவானதும் மாச பாஸ் வாங்குங்க. அத விட்டுட்டு அரை மணி நேரம் முன்னாடி வந்து அரை மணி நேரம் முன்னாடி கிளம்பலாமான்னு ஆபீஸ்ல கேட்டு பாருங்க, நெறைய எடத்துல சரின்னுருவாங்க, ஆனா புதுசா வந்தவங்க வாயே தொறக்க மாட்டாங்க. கூட்ட நேரத்துக்கு அரை மணி முன்னாடி ரோடு வேற மாதிரி இருக்கும்.

வழில ஃபோன் பாக்கறது பத்தி ஒரு வரி. ஓடுற பஸ்ல கீழ குனிஞ்சு படிச்சா, கண்ணு நீ அசையலன்னு சொல்லும் உள்காது அசையறேன்னு சொல்லும், ரெண்டும் முட்டிக்கிட்டு கொமட்டும், அப்பறம் அந்த தலவலியோட தான் நாளே தொடங்கும். காதுல மாட்டிக்கிட்டு போறவங்க இஞ்சின் சத்தத்த அமுக்க வால்யூம ஏத்திக்கிட்டே போவாங்க. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாங்குது, 90ஆ ஏத்தினா வெறும் 4 மணி நேரம் தான். நம்ம ரெண்டரை மணி நேர பயணத்துல அது ரெண்டாவது நாளே தீந்துரும்.

இவ்ளோ பண்ணியும் லேட் ஆகும், ஆகத்தான் செய்யும். அப்போ பண்ற தப்பு என்னன்னா, 9 மணிக்கு போக வேண்டியவர் 9:10க்கு மெசேஜ் போடுவாரு, அதுலயும் "5 நிமிஷத்துல வந்துருவேன்"னு, அப்ப அவர் ட்ரெயினே ஏறியிருக்க மாட்டாரு. லேட்டாகும்னு தெரிஞ்ச நிமிஷமே போடுங்க, நம்பர கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க. "ட்ரெயின் நடுவுல நின்னுருச்சு, 9:40 ஆயிரும், 10 மணி மீட்டிங்குக்கு இருப்பேன்." அவ்ளோ தான். 9:30க்கே போயிட்டா இன்னும் நல்லது. மன்னிப்பு கேட்டு நாலு பத்தி எழுதாதீங்க. டிராஃபிக்குன்னு சொல்றது மொத வாரம் செல்லும், மூணாவது வாரம் சொன்னா நேத்து இல்லாத டிராஃபிக்கான்னு தான் கேப்பாங்க.

சரி, வந்து சேந்தாச்சு. உக்காந்ததும் நேரா மெயில தொறக்கறது, இது தான் பாதி நாள முழுங்குற தப்பு. கூட்டத்துல இடிபட்டு வந்த மனசு இன்னும் பஸ்லயே தான் நிக்கும், அந்த நிலைமைல அடுத்தவங்க அனுப்பின 30 விஷயத்த உள்ள விட்டா எதையும் உருப்படியா தொட முடியாது. ஒரு வேலைலேருந்து இன்னொண்ணுக்கு தாவுனா பழசோட மிச்சம் மனசுல ஒட்டிக்கிட்டே இருக்குன்னு சோஃபி லெராய்ங்கற ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினாங்க, பாதில விட்ட வேலைன்னா கேக்கவே வேணாம். எனக்கு வேலை செஞ்சது ஒரு சின்ன பழக்கம். சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், எங்க நிறுத்தினேன், நாளைக்கு மொத என்ன செய்யணும்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கீபோர்டு மேல வச்சுட்டு போயிருவேன். "வேலைய தொடரணும்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல, "மூணாவது பக்கத்துல 12வது வரிசைல கூட்டுத்தொகை தப்பா இருக்கு, அத பாரு"ன்னு எழுதணும். காலைல பேப்பர எடுக்காம கீபோர்டுல கைய வைக்க முடியாது. மெயில் 9:30க்கு அப்பறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிராது.