பியர் காய்ச்ச புரொப்பேன் அடுப்பு: எதை வாங்குவது, எப்படிப் பற்றவைப்பது

அபார்ட்மென்டில் இருந்தவரை 2.5 காலன் (சுமார் 9.5 லிட்டர்) பியரை எலக்ட்ரிக் அடுப்பிலேயே காய்ச்சிக்கொண்டிருந்தேன். டெக்ஸாஸில் ஆஸ்டின் பக்கம் தனி வீட்டுக்கு வந்து 5 காலனுக்குத் (சுமார் 19 லிட்டர்) தாவியதும் அந்த அடுப்பு கைவிட்டது. ஒன்றே கால் மணி நேரம் ஆகியும் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் வந்ததே தவிர, வோர்ட் (பியராகப் போகும் தானியச் சாறு) தளதளவென்று கொதிக்கவில்லை. கொதி போதவில்லை என்றால் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு முழுசாக இறங்காது. வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடையும் பியரிலேயே தங்கிவிடும். அதற்காகத்தான் வெளியே வைத்து எரிக்கும் புரொப்பேன் பர்னர்.

மாஷ் செய்வது (தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது), ஹாப்ஸ் போடும் நேரம் எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன், நேராக அடுப்புக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம். இதைப் படித்துவிட்டு ஊரில் முயல வேண்டாம்.

எத்தனை பிடியூ வேண்டும்?

பெட்டியில் மணிக்கு 200,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 5 காலன் பியருக்குக் கொதிக்கவைப்பது, ஆவியாகிப் போவதையும் சேர்த்து, கிட்டத்தட்ட 26 லிட்டர். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அவ்வளவு தண்ணீரை 100-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 8,300 பிடியூ போதும். மணிக்கு 55,000 பிடியூ தரும் பர்னரின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் பானைக்குள் போகிறது என்று வைத்தாலும் அரை மணிக்குள் கொதித்துவிடும். மாஷ் முடிந்து 65 டிகிரியில் இருக்கும் வோர்ட் என்றால் கால் மணி நேரம்கூட ஆகாது.

20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் மொத்தமே சுமார் 430,000 பிடியூதான். பெரிய பர்னரை முழுக்கத் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் காலி. அதற்கும் முன்னாலேயே சிலிண்டர் வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி படிந்து, அழுத்தம் இறங்கி, தீ சுருங்கிவிடும். திரவமாக இருக்கும் புரொப்பேன் வாயுவாக மாறும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்வதால் வரும் விளைவு அது.

5 காலனுக்கு மணிக்கு 55,000 முதல் 75,000 பிடியூ வரை தாராளம். நான் வைத்திருப்பது பேயூ கிளாசிக் எஸ்கியூ14 என்ற மாடல். சதுரச் சட்டம், குட்டையான அகலமான கால்கள், வெல்டிங் செய்த இணைப்புகள். ஆன்வில் கம்பெனி பர்னரும் நல்லதுதான். 10 காலன் காய்ச்சுகிறவர்களுக்கு பாஞ்சோ எனப்படும் 10 அங்குல வட்ட பர்னர் சரிப்படும்.

வான்கோழி பொரிக்கும் அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அவற்றில் பலவற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைக்கும் டைமர் இருக்கும். பாதுகாப்புக்காக வைத்தது, ஆனால் 60 நிமிடக் கொதிக்கு ஒத்துவராது. கால்களும் ஒடுக்கம், உயரம். 30 கிலோ கொதிநீர்ப் பானையை அதன் மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஸ்டாண்டு அசைகிறதா என்று கடையிலேயே இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

பர்னர் வந்த முதல் நாள். எல்லாம் மாட்டி, சிலிண்டர் வால்வை ஒரே மூச்சில் முழுக்கத் திறந்து, பற்றவைத்தேன். நீல நிறத்தில் அழகான தீ வந்தது. விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. ரெகுலேட்டர் குமிழைக் கடைசிவரை திருகினாலும் அதே தீ. முக்கால் மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் குளிக்கிற வெந்நீர் பதம். சிலிண்டரை மாற்றினேன், அப்போதும் அப்படியே. ரெகுலேட்டர் பழுது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன்.

ஒன்றும் பழுதில்லை. சிலிண்டரில் திருகும் அந்த பிளாஸ்டிக் மரைக்குள் ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. திடீரென்று கேஸ் வேகமாகப் பாய்ந்தால், ஹோஸ் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாதையைச் சுருக்கிவிடும். நான் ரெகுலேட்டரைத் திறந்து வைத்துவிட்டு சிலிண்டரைத் திறந்ததால், இரண்டு சிலிண்டரிலும் அது சுருக்கிக்கொண்டது.

அப்படி ஆனால் எல்லாவற்றையும் மூடுங்கள். மரையைக் கழற்றி, ஓரிரு நிமிடம் விட்டு, மறுபடி மாட்டுங்கள். பிறகு இந்த வரிசை, ஒவ்வொரு தடவையும்: ரெகுலேட்டர் முழுக்க மூடியிருக்கட்டும். சிலிண்டர் வால்வை மெதுவாக, கால் சுற்று கால் சுற்றாகத் திறங்கள். சில நொடி பொறுங்கள். நீளமான லைட்டரைப் பற்றவைத்து பர்னர் பக்கத்தில் பிடியுங்கள். அதன் பிறகே ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறங்கள். நெருப்பு முதலில், கேஸ் பிறகு.

ஹோஸ் மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

தீயின் நிறம்

பர்னர் குழாயின் வாயில் காற்றுத் தகடு ஒன்று இருக்கும். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, பானை அடியில் கரி அப்பும். தகட்டை மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். நீலமாகி, சீராக ஒரு ஹூங்காரம் கேட்கும் இடத்தில் திருகை இறுக்குங்கள். ரொம்பத் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி அணையும். முதல் தடவை பானை வைக்காமல் 15 நிமிடம் எரியவிடுங்கள், பெயின்ட் கருகிப் புகையும்.

கொதி தொடங்கும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பால் பொங்குகிற மாதிரி நுரை ஒரு நொடியில் விளிம்பைத் தாண்டிவிடும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் செறிவான சாறு) சேர்ப்பதானால் தீயை முழுக்க அணைத்துவிட்டு, கரைந்த பின் மறுபடி பற்றவையுங்கள். அடியில் தங்கினால் தீய்ந்துபோகும்.

பின்சேர்க்கை

மினசோட்டாவிலிருந்து ஒருவர், குளிருக்காகக் கராஜில் கதவைத் திறந்துவைத்து எரிக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். வெளியே, சிமென்ட் தரையில், மர டெக்கை விட்டுத் தள்ளி வையுங்கள். காற்றுக்குத் தகரத் தடுப்பு வைத்தால் போதும், அந்தத் தடுப்பு சிலிண்டரின் பக்கம் சூட்டைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் சும்மா கிடந்த பர்னர் மஞ்சளாக எரிகிறது என்று இன்னொருவர் எழுதினார். குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

பார்பிக்யூ கிரில் ரெகுலேட்டரை மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அது அரை பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்துக்கானது. இந்த பர்னர்களுக்குக் கூடவே வரும் உயர் அழுத்த ரெகுலேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்பதற்குக் குளியலறை எடைமெஷின் போதும். சிலிண்டர் கழுத்து வளையத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் காலி எடை பொறித்திருக்கும், பெரும்பாலும் 17 பவுண்டு. எனக்கு ஒரு தடவை காய்ச்ச 3 பவுண்டு போல ஆகிறது. மிச்சம் 4-க்குக் கீழே போனால் ஸ்பேர் சிலிண்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.