திரைக்குத் தெரியாத கிளேம்ப்: சிஎன்சி டூல்பாத்தில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலை வேலைதான். ரோலர் மேசையில் பூட்டும் பித்தளை பேட்டன், ட்ரையர் சங்கிலிக்கு ஸ்ப்ரொக்கெட், தேய்ந்துபோன கன்மெட்டல் புஷ் என்று வரும். கொழுந்து வந்து குவிகிற நாளில் ஒரு ரோலர் நின்றுவிட்டால் டீமேக்கர் போனுக்கு மேல் போன் எடுப்பார். பட்டறையில் பெரிய பிழைகள் நடப்பது பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான். என் கையால் நடந்ததையும், பழக வந்த தம்பிமார் கையால் நடந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் வெட்டு மெஷினில், டூல் போக வேண்டிய பாதையை (டூல்பாத்) போட்டு வரி வரியாகக் கட்டளைக் கோப்பு எழுதித் தருவது கேம் மென்பொருள். அதற்கு நாம் சொன்னது மட்டும்தான் தெரியும். மேசையில் என்ன பூட்டியிருக்கிறது, டூலைப் பிடிக்கும் ஹோல்டர் எவ்வளவு தடிப்பு, துண்டு எவ்வளவு கோணலாக அறுபட்டு வந்தது என்பதெல்லாம் நாம் சொல்லாவிட்டால் அதன் கணக்கில் இல்லை. சிமுலேஷன் பச்சையாக ஓடி முடிந்தது என்பதற்காகப் பட்டனை அழுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

பேட்டன் பிறை வடிவத்தில் வளைந்திருக்கும். ஒரு முறை 20 மிமீ பித்தளைத் தகட்டில் அதை வெட்ட, இரண்டு முனையிலும் கிளேம்ப் போட்டுப் பூட்டியிருந்தேன். துண்டின் மேல்முகத்திலிருந்து 5 மிமீ உயரத்தைப் பாதுகாப்பு உயரமாக மென்பொருளில் கொடுத்திருந்தேன். கிளேம்பின் போல்ட்டோ மேல்முகத்திலிருந்து 28 மிமீ உயர்ந்து நின்றது. வெளிப்பக்கம் வெட்டி முடிந்ததும் டூல் 5 மிமீ மேலே வந்து, மறுமுனைக்கு ஜி0 என்ற ரேப்பிட் வேகத்தில், அதாவது வெட்டாமல் இடம் மாறும் முழு வேகத்தில், குறுக்கே பாய்ந்தது. ஒரே ஒரு சத்தம்தான். 10 மிமீ கார்பைட் எண்ட் மில் கழுத்தோடு போனது, கிளேம்ப் நகர்ந்தது, துண்டு கோணலானது. போல்ட்டின் தலையில் விழுந்த வெட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் போல்ட்டை நான் வீசவில்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். கிளேம்பையும் வைஸையும் அழகாக வரையத் தேவையில்லை. அளவு சரியாக ஒரு பெட்டி வரைந்து, அதைப் பிடிமானம் என்று மென்பொருளுக்குச் சொன்னால் போதும், மோதினால் காட்டிவிடும். ஹோல்டரின் அளவையும் டூல் பட்டியலில் கொடுத்துவிடுங்கள். பாதுகாப்பு உயரத்தை, மேசையில் இருப்பதில் எது மிக உயரமோ அதிலிருந்து 10 மிமீ மேலே எடுங்கள். ஒரு துண்டுக்குச் சில விநாடி கூடும். கூடட்டும்.

முதல் துண்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ரேப்பிட்டை 25 சதவீதத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு வரியாக ஓட விடுங்கள். டூல் கீழே இறங்கும்போது, துண்டுக்கு ஏறக்குறைய 20 மிமீ மேலே ஃபீட் ஹோல்ட் அழுத்தி நிறுத்துங்கள். இப்போது திரையில் அந்த வரிக்கு மீதமுள்ள தூரம் தெரியும். இரும்பு அடிக்கோலை டூல் முனைக்கும் துண்டுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். மேல்முகத்துக்கு 2 மிமீ உயரம் வரை இறங்க வேண்டிய வரியில் மீதம் 18 என்று இருந்தால், அடிக்கோலில் 20 இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் தொடருங்கள். ஒத்துப்போகாவிட்டால் டூல் நீள ஆஃப்செட் (மெஷினில் பதிந்த டூல் நீளம்), வேலைப் பூச்சியம் (துண்டின் அளவுகள் தொடங்கும் இடம்) இரண்டில் ஒன்று பிழை. இந்த அரை நிமிட வேலை எங்களுக்கு மிச்சப்படுத்திய டூல்களுக்குக் கணக்கில்லை.

வேலைப் பூச்சியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாளால் அறுத்து வந்த துண்டின் தடிப்பு ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டராவது மாறும். அதன் மேல்முகத்தை, வேலைப் பூச்சியத்தைப் பதியும் ஜி54 இல், இசட் (உயர அச்சு) பூச்சியமாக வைத்து முதல் பக்கத்தை வெட்டலாம், அதில் குற்றமில்லை. திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தை வெட்டும்போதும் மறுபடி மேல்முகத்தைத் தொட்டுப் பூச்சியம் எடுத்தால், முடிந்த பொருளின் தடிப்பு துண்டுக்குத் துண்டு மாறும். இரண்டாம் முறை, ஏற்கனவே வெட்டிய முகம் உட்கார்ந்திருக்கும் பெரலல் கட்டையின் மேல்தளத்தைத்தான் பூச்சியமாக எடுக்க வேண்டும். மென்பொருளிலும் பூச்சியத்தை அதே இடத்துக்கு நகர்த்துங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை ஒரு தாளில் படம் போட்டு மெஷின் கதவில் ஒட்டுவது எங்கள் வழக்கம்.

டூலின் பாதி விட்டத்துக்குப் பாதையைத் தள்ளும் வேலையை மென்பொருள் செய்கிறதா, மெஷின் செய்கிறதா என்பதையும் தெளிவாக முடிவு செய்யுங்கள். மென்பொருள் ஏற்கனவே 5 மிமீ தள்ளிப் பாதை போட்டிருக்க, மெஷினைத் தள்ளச் சொல்லும் ஜி41 உடன், தள்ளும் அளவான டி எண்ணிலும் 5 என்று எழுதியிருந்தால், இரண்டு தடவை தள்ளி சுவர் 5 மிமீ பிழைத்துப்போகும். தேய்மானத்துக்கு மட்டும் டி எண்ணைப் பாவிப்பதென்றால் அதில் பூச்சியமோ, 0.02 போன்ற சின்ன எண்ணோதான் இருக்க வேண்டும்.

டூல்பாத்தை அந்தந்த மெஷினுக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் போஸ்ட் புரொசெசரை "ஏதோ ஒன்று ஓடுகிறது" என்று தேர்வு செய்யாதீர்கள். ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோல் மென்பொருள் ஓடும் சின்ன ரவுட்டருக்கு ஜி81 துளைச் சுழற்சி புரியாது. அதை இறங்கு, ஏறு என்று தனித்தனி வரியாக விரித்துத் தரும் போஸ்ட் வேண்டும். மறுபக்கம், ஃபனுக் வகைப் பழைய கன்ட்ரோல்களில், அமைப்பைப் பொறுத்து, தசமப் புள்ளி இல்லாமல் எக்ஸ்10 என்று எழுதினால் அது 10 மிமீ அல்ல, 0.010 மிமீ. கையால் ஒரு வரி திருத்தும்போது புள்ளியை விட்டுவிட்டு, "மெஷின் அசையவே இல்லை அண்ணே" என்று வந்தவர்கள் உண்டு. அசையாமல் நின்றது நல்ல காலம்.

கையால் திருத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். ஃபியூஷன் என்ற கேம் மென்பொருளின் இலவசத் தனிப்பட்ட உரிமத்தில் ரேப்பிட் அசைவுகள் ஜி0 ஆக வராமல், ஃபீட் (வெட்டும்போது டூல் நகரும்) வேகத்து ஜி1 ஆக வரும். மெஷின் காற்றில் ஊர்ந்து போவதைப் பார்க்கப் பொறுமையில்லாமல், கோப்பைத் திறந்து "இது காற்றில் போகிற வரிதானே" என்று ஜி1 ஐ ஜி0 ஆக்குகிறார்கள். ஒரு வரி தவறினால் துண்டுக்குள் ரேப்பிட்டில் பாயும். இரண்டாவது சிக்கல், அடுத்த முறை மென்பொருளிலிருந்து கோப்பை எடுக்கும்போது கையால் செய்த திருத்தம் காணாமல் போயிருக்கும். திருத்தத்தை மென்பொருளுக்குள்ளேயே செய்து மறுபடி போஸ்ட் எடுங்கள். ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இலவசம். 1.0 பதிப்பிலிருந்து அதன் டூல்பாத் பகுதிக்கு கேம் என்றே பெயர். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், ஆனால் சின்ன வேலைகளுக்குப் போதும்.

மழையும் கரண்டும்

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஈஎன்8 இரும்பில் ஸ்ப்ரொக்கெட் பல் வெட்டிக்கொண்டிருக்கிறோம், பாதியில் எல்லாம் இருட்டு. கரண்ட் வந்ததும் நடக்கும் பிழைதான் மிகவும் ஆபத்தானது: நின்ற வரியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்தே பட்டனை அழுத்துவது.

நின்ற வரியில் வெறும் எக்ஸ், வை எண்கள்தான் இருக்கும். சுழல் வேகம், ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் தண்டு) திசை, ஜி54, எண்களைப் பூச்சியத்திலிருந்து எடுக்கச் சொல்லும் ஜி90, ஜி43 உடன் டூல் நீளம் எல்லாமே கோப்பின் தலையில் எழுதப்பட்டவை. கரண்ட் போய் வந்ததும் பல கன்ட்ரோல்கள் இவற்றை மறந்துவிடும். ஸ்பிண்டில் சுற்றாமலே டூல் இரும்புக்குள் போகலாம். அதைவிடக் கொடுமை, டூல் நீளக் கணக்கு இல்லாமல் இசட் இறங்குவது. 110 மிமீ நீள டூலுக்கு ஜி43 விழாவிட்டால், அந்த 110 ஐயும் சேர்த்துக் கீழே போகப் பார்க்கும். துண்டு, வைஸ், ஸ்பிண்டில் மூன்றும் அங்கே சந்திக்கும்.

சரியான வழி நிதானமாகத்தான் போகும். முதலில் டூல் துண்டுக்குள் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, மெல்ல மேலே எடுங்கள். அப்புறம் எல்லா அச்சையும் ஹோமுக்கு (மெஷினின் தொடக்க இடம்) அனுப்புங்கள். ஸ்டெப்பர் மோட்டார் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று இப்போது தெரியாது, ஹோம் செய்யாமல் ஓட்டவே கூடாது. டயல் கேஜ் வைத்துப் பூச்சியத்தை ஒரு இடத்தில் சரிபாருங்கள். பிறகு நின்ற வரியில் தொடங்காமல், அந்த டூலின் தொடக்கத்திலிருந்தோ, அந்தப் பாஸ் (ஒரு தடவை வெட்டும் ஓட்டம்) தொடங்கிய இடத்திலிருந்தோ, தலைவரிகளைச் சேர்த்து ஓட்டுங்கள். கொஞ்சம் காற்றில் வெட்டும், பரவாயில்லை. நாங்கள் இப்போது மழைக்காலத்தில் ஒரு டூலுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகத்தான் போஸ்ட் எடுக்கிறோம். ஒவ்வொரு கோப்பும் தன் தலைவரிகளோடு வரும், எங்கே நின்றாலும் திரும்பத் தொடங்குவது எளிது.

மலையின் குளிரும் உயரமும்

கொழும்பில் இருந்து சொல்லித்தருகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தோன்றாது. நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் பட்டறைக்குள் 10, 12 பாகை இருக்கும். மெஷினை இயக்கியதும் முழு வேகத்தில் துல்லிய வேலை தொடங்காதீர்கள். குறைந்த வேகத்தில் ஆரம்பித்து 15 நிமிடம் ஸ்பிண்டிலைச் சூடாக்குங்கள், அச்சுகளையும் முழுத்தூரம் ஓட விடுங்கள்.

புஷ் வேலையில் வெப்பம் தரும் ஏமாற்றத்தை எண்ணோடு சொல்கிறேன். 60 மிமீ துளைக்கு எச்7 என்ற துல்லியத் தரம் கேட்டால், அளவு மாற அனுமதி 0.030 மிமீ மட்டும். வெண்கல வகை உலோகம் ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.018 மிமீ விரியும். வெட்டி முடித்த சூட்டில், 30 பாகை கூடுதலாக இருக்கும்போது அளந்தால், அந்த 60 மிமீ துளை 0.032 மிமீ பெரிதாகக் காட்டும். அனுமதி முழுவதையும் சூடே தின்றுவிட்டது. "நேற்று சரியாக இருந்தது, இன்று ஷாஃப்ட் நுழையவில்லை" என்ற குற்றச்சாட்டில் பாதி இதுதான். கடைசி ஃபினிஷ் பாஸுக்கு முன்னால் துண்டை ஆற விட்டு அளவெடுங்கள்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. மோட்டார்களும், அவற்றின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர்களும் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்குத்தான் முழு வலு தருவதாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே காற்று ஐதாகி, குளிர்விப்பது குறையும். இன்வெர்ட்டர்களுக்கு 100 மீட்டருக்கு 1 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்வது வழமை. 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் ஏறக்குறைய 9 சதவீதம். பலமாக வெட்டும் நாளில் இன்வெர்ட்டர் சூடேறி நின்றால், டூல்பாத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

வேகம் பற்றிய கடன் எண்கள்

காணொளியில் பார்த்த எண்ணை அப்படியே போடுவது அடுத்த பிழை. வெட்டு வேகத்தை 1,000 ஆல் பெருக்கி, பை பெருக்கல் விட்டத்தால் வகுத்தால் சுழற்சி வரும். நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகத்தில் 10 மிமீ கார்பைட் எண்ட் மில்லுக்கு ஏறக்குறைய 3,180 சுழற்சி. நாலு வெட்டுமுனை, ஒரு முனைக்கு 0.04 மிமீ என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 509 மிமீ. கணக்கு சரி. ஆனால் உங்களிடம் இருப்பது 24,000 சுழற்சிக்குச் செய்த 2.2 கிலோவாட் ரவுட்டர் ஸ்பிண்டில் என்றால், அந்த வலு உச்ச வேகத்தில்தான். 3,000 சுழற்சியில் கிடைப்பது ஏறக்குறைய 0.28 கிலோவாட். அதில் இரும்பை வெட்டப் போனால் ஸ்பிண்டில் நின்றுவிடும். அதே மெஷினில் 4 மிமீ டூல் போட்டால் அதே வெட்டு வேகத்துக்கு 8,000 சுழற்சி வரும், ஸ்பிண்டிலுக்கும் மூச்சு வரும்.

பயந்து ஃபீட்டை மட்டும் குறைப்பதும் உதவாது. டூல் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும், சூடேறும், 304 ஸ்டெயின்லெஸ் என்றால் முகம் இறுகி அடுத்த பாஸை இன்னும் கெடுக்கும். வெட்டுத்தூள் மாவாக வந்தால் ஃபீட் போதாது. சுருளாக, ஒரே அளவாக வந்தால் நல்லது.

உதவி கேட்கும்போது

"அண்ணே, டூல் உடையுது, என்ன செய்ய?" என்று ஒரு வரியும், திரையை மங்கலாகப் பிடித்த ஒரு படமும் வரும். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. மெஷின், கன்ட்ரோல், மென்பொருள், போஸ்ட், உலோகம், டூலின் விட்டமும் வெட்டுமுனை எண்ணிக்கையும், ஹோல்டருக்கு வெளியே நீட்டியிருக்கும் நீளம், சுழற்சி, ஃபீட், ஆழம், பக்கவாட்டு அகலம் எல்லாம் எழுதுங்கள். தொடக்கத்திலேயே உடைந்ததா, மூலையில் உடைந்ததா என்பது ரொம்ப முக்கியம். நேராகக் குத்தி இறங்கும்போது உடைந்தால் சரிவாக இறக்கும்படி மாற்றினாலே பல முறை தீரும். மூலையில் உடைந்தால் அங்கே டூல் முழுதாகப் புதைகிறது என்று பொருள். வெட்டுத்தூளையும் உடைந்த முனையையும் ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு அந்த ஒரு படமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

பதில் சொல்கிறவருக்கும் ஒரு வேண்டுகோள். "நான் 5,000 இல் ஓட்டுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மெஷினில், எந்த ஆழத்தில், எண்ணெய் விட்டா, காற்று அடித்தா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். சுழற்சி, ஃபீட், ஆழம் மூன்றையும் ஒன்றாக மாற்றி வேலை சரிவந்தால், எது காரணம் என்று அவருக்கும் தெரியாது, அடுத்து கேட்பவருக்கும் சொல்ல முடியாது. எங்கள் பட்டறையில் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. உலோகம், டூல், எண்கள், என்ன நடந்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. பேட்டன் பக்கத்தில் மட்டும், மேலே சிவப்பு மையில் "போல்ட் 28" என்று எழுதியிருக்கிறேன்.