பேட்டரி ஆப் காட்டும் எண்ணை நம்பி ஏமாறாமல் இருக்க

சித்தியின் போன் 35 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். அதுவும் கேமராவைத் திறந்தால் போதும். கடையில் ஒரு பேட்டரி ஆப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ‘ஹெல்த்: குட்’ என்று வந்ததும், “பேட்டரி நல்லாத்தான் இருக்கு, போனை மாத்திடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒற்றைச் சொல்லை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க இருந்தார் சித்தி.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். அந்த ‘குட்’ பேட்டரியின் வயதைச் சொல்வதில்லை. அதிகச் சூடு, அதிகக் குளிர், அதிக வோல்டேஜ், செத்துப்போனது என்று ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் சில நிலைகளில் எதுவும் இப்போது இல்லை என்பதே அதன் பொருள். பாதிக் கொள்ளளவை இழந்த பேட்டரிக்கும் ‘குட்’ என்றே வரும். பேட்டரி பழசானால் அதன் உள்தடை, அதாவது கரண்ட் வெளியே வருவதற்கு உள்ளே இருக்கும் தடை, கூடும். கேமரா மாதிரி ஒன்று சட்டென்று அதிக கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். சித்தி போனில் நடந்தது அதுதான்.

பார்க்க வேண்டியது, பேட்டரியில் இப்போது எத்தனை மில்லியாம்ப்-அவர் (mAh, பேட்டரி கொள்ளளவின் அலகு) கொள்கிறது என்பதை. அக்குபேட்டரி போன்ற ஆப்கள் சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் கரண்டைக் கூட்டிக்கொண்டே வந்து இதைக் கணக்கிடுகின்றன. சித்தியின் போனில் ஒருநாள் 20-லிருந்து 90 சதவீதம் வரை ஏறியபோது 2,450 உள்ளே போயிருந்தது. 70 சதவீதத்துக்கு 2,450 என்றால் முழுசுக்கு 3,500. பெட்டியில் போட்டிருந்தது 5,000. அதாவது கொள்ளளவில் முப்பது சதவீதம் போய்விட்டது. அடுத்த சில நாட்களும் ஏறக்குறைய இதே அளவுதான் வந்தது. அப்புறம்தான் பேட்டரியை மட்டும் மாற்றினோம். இப்போது கேமரா திறந்தாலும் போன் அணைவதில்லை.

இங்கேதான் அவசரம் கூடாது. ஆப்பைப் போட்ட அன்றே 60-லிருந்து 70 வரை சார்ஜ் செய்துவிட்டு, வரும் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போன் காட்டும் சதவீதமே ஒரு மதிப்பீடுதான். அதில் 2 புள்ளி பிசகினால், 10 புள்ளி ஏற்றத்தில் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு தப்பிவிடும். அதே 2 புள்ளி, 70 புள்ளி ஏற்றத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவான பிழைதான். ஆகவே நீளமாக ஏறிய சார்ஜ் நாலைந்தாவது பதிவாகட்டும், அதன் சராசரியைப் பாருங்கள். போனின் அசல் கொள்ளளவு ஆப்பில் சரியாக இருக்கிறதா என்பதையும் பெட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு செல் பேட்டரி உள்ள சில போன்களில் கரண்ட் பாதியாகத் தெரியும். அது தெரியாமல் பார்த்தால் புது பேட்டரியும் பாதி செத்ததுபோல் தோன்றும்.

இன்னொன்று, ஆப் பின்னணியில் ஓடினால்தான் இந்தக் கணக்கு வரும். பல போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அதை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, சார்ஜரைக் குறை சொல்வது. “2 ஆம்பியர் சார்ஜர், ஆப்பில் 700 மில்லியாம்ப்தான் காட்டுது, டூப்ளிகேட்” என்று தூக்கிப்போடுகிறார்கள். ‘ஆம்பியர்’ என்ற பெயரிலேயே இருக்கும் ஆப் போன்றவை காட்டுவது பேட்டரிக்குள் போகும் கரண்டை மட்டும். திரையும் நெட்டும் தின்றது போக மிச்சம் அது. போதாததற்கு 80 சதவீதம் தாண்டினால் போனே கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். இரண்டு கேபிளை ஒப்பிட வேண்டுமா? சார்ஜ் 30, 40 சதவீதத்தில் இருக்கும்போது, விமான மோடில் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே சார்ஜரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிடமாவது எண் நிலைக்கட்டும்.

பேட்டரி சீக்கிரம் தேயாமலிருக்க ஆப்பில் 80 சதவீத அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப் கத்தும், அவ்வளவுதான். ரூட் செய்யாத (கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து முழு அதிகாரம் எடுக்காத) போனில் அதனால் சார்ஜை நிறுத்த முடியாது. சாம்சங், பிக்ஸல், ஐபோன் 15 முதலான பல போன்களின் செட்டிங்ஸிலேயே 80 சதவீத வரம்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

‘கேலிப்ரேட்’ செய்கிறேன், அதாவது சதவீதக் கணக்கைச் சரிசெய்கிறேன் என்று வாராவாரம் பூஜ்யம் வரை இறக்கவே இறக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு அது தேய்மானம்தான். பேட்டரி புள்ளிவிவரக் கோப்பை அழித்துக் ‘கேலிப்ரேட்’ செய்யும் ஆப்களும் ஒருகாலத்தில் ஓடின. அந்தக் கோப்புக்கும் காட்டப்படும் சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹாக்போர்ன் 2012-லேயே விளக்கிவிட்டார்.

சதவீதம், வோல்டேஜ், சூடு இவற்றைப் படிக்க ஆண்ட்ராய்டில் எந்த அனுமதியும் தேவையில்லை. தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், லொகேஷன் என்று கேட்கிற பேட்டரி ஆப்பை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள்.

ஐபோன்காரர்களுக்குத் தனி ஆப்பே வேண்டாம். ஐஓஎஸ் 11.3 வந்த 2018-லிருந்து செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் இருக்கிறது.

ஆப் சொல்லாத ஒன்றை மட்டும் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை போன் உறையைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். பின்மூடி ஓரத்தில் எழும்பியிருக்கிறதா, போன் ஆடுகிறதா, திரை விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அளவு எதுவும் எடுக்க வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல், அணைத்து வைத்து அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.