குடிமீட்பு இல்லத்துக்கு ஆண்டுவிழா எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆண்டுவிழா என்றதும் எல்லோரும் முதலில் "சிறப்பு விருந்தினர் யாரு?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வாரம் வந்து சேர்ந்தவர் எங்கே உட்காருவார், அவரைக் கூட்டி வந்து விட்ட பெண் எங்கே உட்காருவாள்? விழா அந்த இரண்டு பேருக்காகத்தான். மேடை, மைக்செட், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. மயானக் கொள்ளைக்கு அங்காளம்மனுக்கு விரதம் இருக்கிற வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். அவர் குடியை விட்டது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாஸ்டர் ஐயா நடத்தும் ஜெப இல்லத்தில். அந்த நன்றி என்றைக்கும் தீராது என்பதால் வருடாவருடம் ஆண்டுவிழா வேலையை நான் எடுத்துச் செய்கிறேன். மற்ற இல்லங்களில் இருந்தும் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் தேதி. இல்லம் தொடங்கிய அதே நாளில்தான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். மாம்பழ சீசனில் மண்டிக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். சனிக்கிழமையும் வேண்டாம், வாரக் கூலி கைக்கு வருகிற நாள். எனக்குப் பிடித்த தேதி அக்டோபர் 2. அன்று டாஸ்மாக் மூடியிருக்கும். அதோடு, 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்குப் பக்கத்தில்தான். மேடையில் இதை யாராவது இரண்டு நிமிடம் சொல்லட்டும். நம்ம மண்ணில் இப்படி ஒன்று நடந்திருக்கிறதா என்று பிள்ளைகள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். ஆனால் கடை மூடியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முந்தின நாளே வாங்கிப் பதுக்கி வைக்கிறவர்கள் உண்டு.

நோட்டீஸில் யாருடைய போட்டோவும் போடாதீர்கள். வீட்டுக்காரம்மாக்களுக்கு நோட்டீஸ் போதாது, போன் செய்து பேச வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதனால் பஸ் செலவு பெரும்பாலும் தடையாக இருக்காது. தடை வெட்கம்தான். முக்கியமாக, வெளியே போய் மறுபடி சறுக்கியவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வாசலில் வந்து நின்றால் "விட்டு எத்தனை மாசம் ஆச்சு?" என்று யாரும் கேட்கக் கூடாது. "வாங்க தம்பி, டீ குடிங்க" என்பது போதும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வராமல் இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

இல்லம் கிறிஸ்தவ இல்லமாக இருக்கலாம், உள்ளே இருப்பவர்கள் பல சாமி கும்பிடுகிறவர்கள். ஜெபம் தாராளமாக நடக்கட்டும், அதுதான் அந்த இடத்தின் உயிர். ஆனால் யாரையும் முட்டி போடச் சொல்ல வேண்டாம். எங்கள் பாஸ்டர் ஐயா "கண்ணை மூடிக்கிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச கடவுளைக் கூப்பிடுங்க" என்பார். நான் அம்மாவைத்தான் கூப்பிடுவேன்.

அப்புறம் சாட்சி, அதாவது குடியை விட்டவர் எழுந்து தன் கதையைச் சொல்வது. விழாவே இதுதான், அதனால் இதற்கு நேரம் எடுத்துத் தயார் செய்யுங்கள். நான்கைந்து பேர் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசப் போகிறவரிடம் முந்தின நாளே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். என்ன சரக்கு, எவ்வளவு, எங்கே குடித்தேன் என்கிற கதை வேண்டாம். அதைக் கேட்கிற புது ஆளுக்கு நாக்கு ஊறும். சிரிப்பு வரவழைக்கிற குடிக் கதையும் வேண்டாம், அந்தச் சிரிப்பில் மனைவிமார்கள் யாரும் சேர மாட்டார்கள். வீட்டில் அடித்தது, நகையைத் திருடியது எல்லாம் சொல்வதாக இருந்தால் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான். அவள் பட்டதை ஊர் முன்னால் சொல்ல அவளுடைய சம்மதம் வேண்டும். "இனி சாகும்வரை தொடமாட்டேன்" என்று சபதம் போட வைக்காதீர்கள். "இன்னைக்குக் குடிக்கல" என்று சொன்னால் அதற்கே கைதட்டலாம்.

போன தடவை பாலக்கோட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் பேசினார். பேச்சு வரவில்லை. சட்டைப் பையில் இருந்து நான்காக மடித்த அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. "மீட்டுட்டேன்" என்றார், அவ்வளவுதான். கீழே உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குச் சமம் அது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றுங்கள். பெண்களுக்கும் மைக் கொடுங்கள், பேச விரும்பினால் மட்டும்.

மேடையில் ஒன்றை மட்டும் அனுமதிக்கவே கூடாது: "ஜெபம் பண்ணினேன், மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்" என்ற சாட்சி. அதைக் கேட்டு இன்னொருவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அதே போல, சாட்சி கேட்டு உருகி "இப்பவே விடுறேன்" என்று அன்றைக்கே சிலர் வருவார்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தலையில் கை வைத்து ஜெபம் செய்யுங்கள், செய்துவிட்டு கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தால் 108. அந்த நாளில் ஒரு நர்ஸம்மாவைப் பந்தலில் உட்கார வைத்தால் பாதி பயம் போய்விடும்.

மாத்திரை என்றதும் கேக் ஞாபகம் வருகிறது. குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுக்கிறவர் உடம்பில் கொஞ்சம் சாராயம் போனாலும் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வந்துவிடும். ரம் சேர்த்த ப்ளம் கேக் கூடாது. பேக்கரியில் வாய்விட்டுக் கேளுங்கள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து நடத்துவதாக இருந்தால் புளிக்காத திராட்சைச் சாறு. இருமல் மருந்து யாராவது கேட்டாலும் நர்ஸம்மாவைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் கறி வேண்டாம் என்பது என் கட்சி. நம்ம பக்கம் கிடா வெட்டு என்றால் பாட்டில் கூடவே வரும். கறிக்குழம்பு வாசனையே சிலருக்குப் பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும். சாம்பார், கத்தரிக்காய் பொரியல், வடை, பாயசம் போதும். நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி வைத்துக்கொள்ளுங்கள். பாயசத்தைத் தாராளமாகச் செய்யுங்கள், குடியை விட்டவர்கள் இனிப்பை அவ்வளவு தேடுவார்கள். சாயங்காலம் டீயோடு எங்கள் ஊர் நிப்பட்டு. சமையல் வேலையில் உள்ளே இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவருக்குக் கை நடுங்கும், அரிவாள்மனை கொடுக்காதீர்கள், பூண்டு உரிக்கக் கொடுங்கள். ஒரு பல்லை உரிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். நாலு மாதம் கழித்து அதே கை எலுமிச்சை சாதத்துக்குக் கடுகு தாளிக்கும்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குடிநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 1935இல் அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விடுகிறவர்களின் சங்கத்தை ஆரம்பித்தவர்கள்கூடப் பெயரை மறைத்துத்தான் இந்த வேலையைச் செய்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போனால் அவர் மகளுக்கு வரன் பேசுகிற இடம் வரை போகும். பந்தல் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், பின்பக்கமாகக் கூட எடுக்க வேண்டாம்.

விழா முடிகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மனசு நிறைந்து, உடம்பு களைத்து, தனியாகப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்குப் பழைய கூட்டாளி ஒருத்தன் கண்ணில் பட்டால் போதும். யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். பர்கூர், ஊத்தங்கரை, ராயக்கோட்டை என்று ஊர் வாரியாகப் பிரித்து, பழைய ஆள் ஒருவரோடு சேர்த்து பஸ் ஏற்றுங்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும். சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால்.

மறுநாள் நன்றிக் கூட்டம் போடுவதற்கு முன்னால் நோட்டை எடுத்து, வராத குடும்பங்களுக்குப் போன் செய்யுங்கள். முதலில் வீட்டுக்காரம்மாவிடம் பேசுங்கள், "சாப்பிட்டியாம்மா?" என்று ஆரம்பியுங்கள். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று அவள் கேட்டால் 14446 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. உங்கள் இல்லத்து நம்பரையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். எழுதியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.